சேலத்துக்காரர் எந்த விமானப் புள்ளித் திட்டத்தில் சேருவது?

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அண்மையில் போயிருந்தபோது, மாமா ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறைக்குள் சேர்த்து வைத்திருந்த போர்டிங் பாஸ்களை மேசைமேல் கொட்டினார். மூன்று ஆண்டுகளில் பதினோரு துண்டுகள் இருந்தன. சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய் வந்தவை சில, காப்பித் தோட்ட வேலையாகப் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் போனவை சில, தில்லியில் நடந்த ஓர் உறவினர் திருமணத்துக்குப் போனவை இரண்டு. ஐந்து நிறுவனங்களின் பெயர்கள் அவற்றில் இருந்தன. “இதையெல்லாம் ஒண்ணாச் சேர்த்தா ஒரு டிக்கெட்டாவது சும்மா வருமா மாப்பிள்ளை?” என்று கேட்டார். வராது என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் வராது என்பதே உண்மை. பதினோரு பயணமும் ஒரே கணக்கில் சேர்ந்திருந்தால் ஒருவேளை வந்திருக்கும். ஐந்து இடங்களில் சிதறிய பிறகு அவை ஐந்து உண்டியல்களில் கிடக்கும் சில்லறைக் காசுகள்தாம். ஓர் உண்டியலின் காசை இன்னோர் உண்டியலில் போட முடியாது.

வரிக்கணக்கு எழுதுவது என் தொழிலாதலால், அவருக்காக உட்கார்ந்து, விமான நிறுவனங்கள் தம் பயணிகளுக்குப் புள்ளி தரும் இந்தத் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு இரண்டு முதல் ஆறு முறை வரை பறக்கும் ஒருவரை, அதுவும் சேலத்தையோ சேர்வராயன் மலையையோ இருப்பிடமாகக் கொண்ட ஒருவரை மனத்தில் வைத்தே இங்கு எழுதுகிறேன். வாரந்தோறும் மும்பைக்குப் போய் வருபவருக்கு என் முடிவுகள் பொருந்தமாட்டா.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது முதல் இன்றுவரை, இத்தகைய திட்டங்கள் அடிக்கடி பறக்கும் வணிகப் பயணியைத் தம்மிடமே பிடித்து வைப்பதற்காக அமைக்கப்பட்டவை. அதனால் ஒவ்வொரு திட்டத்திலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் புள்ளிகள் அல்லது மைல்கள். மற்றொன்று, வெள்ளி, தங்கம் என்று ஏறும் தகுதிப் படிகள். விமான நிலையத்தின் ஓய்வறை, கூடுதல் பெட்டி, முன்வரிசை அழைப்பு எல்லாம் இந்தப் படிகளோடு வருபவை. விளம்பரங்களில் பளபளப்பது பெரும்பாலும் இரண்டாவது பகுதிதான். அது நமக்கு எட்டாது என்பதை ஒரு கணக்கே காட்டிவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் வெள்ளிப் படி ஏற ஓராண்டில் 25,000 தகுதி மைல்களும், தங்கப் படி ஏற 50,000 மைல்களும் வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 1,800 மைல். போய் வந்தால் 3,600. மலிவான டிக்கெட்டுக்கு முழுத் தொலைவும் கணக்கில் சேராது; சேர்ந்தாலும்கூட வெள்ளிக்கு ஓராண்டில் ஏழு முறையும் தங்கத்துக்குப் பதினான்கு முறையும் மகளைப் பார்க்கப் போக வேண்டியிருக்கும். மருமகன் நல்லவர்தான், ஆனாலும் அது அதிகம். ஆகவே தகுதிப் படிகளை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்காமல் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புள்ளிகளை ஒப்பிடுபவர்கள் வழக்கமாக, நூறு ரூபாய்க்கு எந்த நிறுவனம் எத்தனை புள்ளி தருகிறது என்பதிலிருந்து தொடங்குவார்கள். சேலத்துக்காரர் அங்கிருந்து தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. நம் ஊரிலிருந்து எந்த நிறுவனத்தின் விமானத்தில் உண்மையில் ஏறுகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு நம் விமான நிலையத்தின் வரலாற்றையே பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

ஓமலூரை ஒட்டிக் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் 1993-இல் திறக்கப்பட்டது. தொடங்கிய சேவை விரைவிலேயே நின்று, ஓடுபாதை பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. 2009-இல் கிங்ஃபிஷர் சென்னைக்கு ஒரு சேவையைத் தொடங்கி 2011-இல் நிறுத்திக்கொண்டது. 2018-இல், சிறு ஊர்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தின் கீழ், ட்ரூஜெட் வந்தது. கொரோனாக் காலத்தில் அதுவும் போயிற்று. 2023 அக்டோபரில் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் வந்த பிறகுதான் சென்னை, பெங்களூரு, ஐதராபாத், கொச்சி என்று நம் ஊரின் பெயர் மறுபடியும் விமான அட்டவணையில் இடம் பிடித்தது. இந்த வரிசையைப் பார்க்கும் எவருக்கும், உள்ளூரிலிருந்து பறக்கும் நிறுவனம் நிலையானது என்று நம்பிப் புள்ளி சேர்ப்பதில் உள்ள ஆபத்து புரியும்.

நிறுவனமே இல்லாமல் போனால் புள்ளிகளின் கதி என்ன என்பதற்கு இந்தியாவிலேயே மூன்று விதமான விடைகள் உள்ளன. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் அடியோடு தரையிறங்கியபோது அதன் கிங் கிளப் உறுப்பினர்களின் மைல்கள் வெறும் எண்களாயின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது அதன் ஜெட்பிரிவிலேஜ் திட்டம் சாகவில்லை. அது தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டு, பெரும்பங்கு அபுதாபியின் எதிஹாட் விமான நிறுவனத்தின் வசம் இருந்ததால், அதே ஆண்டில் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. ஆனால் எந்த விமானத்தில் ஏறலாம் என்று நினைத்து மக்கள் மைல் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, அதன் உறுப்பினர்களின் புள்ளிகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. ஒன்று மூழ்கியது, ஒன்று ஒதுங்கியது, ஒன்று கரை சேர்ந்தது. எது எப்படி முடியும் என்று சேரும்போது யாருக்கும் தெரியாது. அதனால் சேர்ந்த புள்ளியைச் சீக்கிரம் செலவழிப்பதே நல்லது. மஞ்சள் மண்டியில் விலை ஏறும் என்று மூட்டையை வைத்துக் காத்திருக்கலாம். புள்ளியின் மதிப்பு காத்திருந்தால் ஏறுவதில்லை. நிறுவனம் ஒருநாள் ஒரு டிக்கெட்டுக்கு வேண்டிய புள்ளிகளை உயர்த்தும்போது இறங்கத்தான் செய்யும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இண்டிகோ 2006 முதல் பறந்தாலும், ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் தனக்கென ஒரு பயணிகள் திட்டம் இல்லாமலேயே இருந்தது. வங்கிகளோடு சேர்ந்து வெளியிட்ட கடன் அட்டைகள் மட்டும் இருந்தன. 2024-இல்தான் புளூசிப் என்ற திட்டத்தை அறிவித்தது. உள்நாட்டுப் பயணிகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றிச் செல்லும் நிறுவனம் என்பதாலும், காமலாபுரத்தில் வந்து இறங்குவது அதன் விமானம் என்பதாலும், சேலத்துக்காரரின் போர்டிங் பாஸ்களில் பாதிக்கு மேல் நீல நிறத்தில் இருப்பதில் வியப்பில்லை. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. கொடுத்த பணத்துக்கு ஏற்பப் புள்ளி. சேர்ந்த புள்ளியை அதன் விமானங்களிலேயே டிக்கெட்டாக எடுத்துக்கொள்ளலாம். இது எளிமையானது, நம் பயணத்தோடு பொருந்துவது. இதன் குறை, விமான நிறுவனங்களின் எந்த உலகக் கூட்டணியிலும் இண்டிகோ இல்லை என்பதாகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலோ லுஃப்தான்சாவிலோ ஒருவர் பறந்ததை இந்தக் கணக்கில் சேர்க்க இயலாது. இன்னொன்றும் உண்டு. கட்டணம் மலிவாக இருப்பதால்தான் நாம் இண்டிகோவில் ஏறுகிறோம். மலிவான கட்டணத்துக்குச் சேரும் புள்ளியும் சொற்பமாகத்தான் இருக்கும். ஆண்டுக்கு நான்கு முறை சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் போகிறவர் இரண்டாண்டில் ஒரு குறுந்தொலைவு டிக்கெட்டின் ஒரு பகுதியைத் தேற்றினால் நல்ல காரியம்.

ஏர் இந்தியாவின் திட்டம் நெடுங்காலம் ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ் என்றிருந்தது. 2024-இல் விதிகள் மாற்றப்பட்டு, பறந்த தொலைவுக்குப் பதிலாகச் செலுத்திய கட்டணத்தை வைத்துப் புள்ளி கணக்கிடும் முறை வந்தது. 2025-இல் மகாராஜா கிளப் என்ற பெயரும் வந்தது. இதன் வலிமை, ஏர் இந்தியா 2014 ஜூலை முதல் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருப்பதுதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, தாய் ஏர்வேஸ், யுனைடெட் முதலியவை அந்தக் கூட்டணியின் உறுப்பினர்கள். அவற்றில் பறந்ததையும், டிக்கெட்டின் கட்டண வகுப்பு அனுமதித்தால், இந்தக் கணக்கிலேயே வரவு வைக்கலாம். குடும்பத்தாரின் புள்ளிகளை ஒரே தொகுப்பாகச் சேர்க்கும் வசதியும் உண்டு. கணவனும் மனைவியும் எப்போதும் சேர்ந்தே பறக்கும் குடும்பங்களுக்கு இந்த ஒரு வசதியே பெரும் வேறுபாட்டை உண்டாக்கும்.

ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்கள் இங்கே இரண்டு உள்ளன. சேலத்துக்கு வந்த அலையன்ஸ் ஏர் ஒரு காலத்தில் ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக இருந்தது. ஏர் இந்தியா டாட்டா குழுமத்திடம் போனபோது அது அரசிடமே தங்கிவிட்டது, 2022 ஏப்ரல் முதல் தனி நிறுவனமாக இயங்குகிறது. பெயரில் அலையன்ஸ் இருப்பதால் ஸ்டார் அலையன்ஸோடு உறவு என்று எண்ணிவிடக் கூடாது. மற்றொன்று, திருச்சியிலிருந்து பறக்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். அது டாட்டா குழுமத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் ஸ்டார் அலையன்ஸில் இல்லை. அதன் வெகுமதி, டாட்டா குழுமத்தின் வணிகச் செயலியான டாட்டா நியூவின் நியூகாயின்களோடு தொடர்புடையது. ஒரு நியூகாயின் ஒரு ரூபாய். பிக்பாஸ்கெட்டில் மளிகைக்கும் குரோமாவில் மிக்சிக்கும் அதைச் செலவழிக்கலாம். விமானப் புள்ளியை மளிகைக்குச் செலவழிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எப்போதாவது பறப்பவருக்கு இதுவே நேர்மையான ஏற்பாடு என்று நான் நினைக்கிறேன். ஏனெனில் மதிப்பு ரூபாயில் தெரிகிறது, எந்த டிக்கெட்டுக்கும் போதாமல் கணக்கில் தேங்கிக் கிடக்கும் தொல்லை இல்லை.

மாமாவைப் பொறுத்தவரை உண்மையான போட்டி இண்டிகோவுக்கும் ஏர் இந்தியாவுக்கும் இடையே அன்று, கிரிஸ்ஃபிளையருக்கும் மற்றவற்றுக்கும் இடையேதான். காரணம் புவியியல். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும் ஒருவர் சிங்கப்பூர் போக வேண்டுமானால் அவருக்கு நான்கு வாசல்கள் உள்ளன. சேலத்திலிருந்து திருச்சி சுமார் 140 கிலோமீட்டர், கோவை விமான நிலையம் சுமார் 160, தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையம் சுமார் 235, சென்னை சுமார் 340. அருகிலுள்ள திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் சிங்கப்பூருக்குப் பறக்கும் நிறுவனங்களில் ஒன்று ஸ்கூட். அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனம். ஸ்டார் அலையன்ஸில் இல்லை. ஆகவே ஸ்கூட்டில் பறந்ததை மகாராஜா கிளப்பில் வரவு வைக்க முடியாது, கிரிஸ்ஃபிளையரில் வைக்கலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போனாலும் அதே கணக்கு. தில்லிக்கு ஏர் இந்தியாவில் போனாலும், இரண்டும் ஒரே கூட்டணியாதலால், கட்டண வகுப்பைப் பொறுத்து அதே கணக்கு. மூன்று விதமான பயணங்கள் ஓர் உண்டியலில் விழுகின்றன என்பதுதான் இதன் சிறப்பு. மாமாவின் பதினோரு துண்டுகளில் ஏழு இப்படி ஒரே இடத்தில் விழுந்திருக்கக் கூடியவை.

கிரிஸ்ஃபிளையரின் குறை அதன் கடிகாரம். மைல் சேர்ந்த நாளிலிருந்து 36 மாதங்களில் காலாவதியாகும். இடையில் நாம் மறுபடியும் பறந்தோமா என்பதை அது பார்ப்பதில்லை. கட்டணம் செலுத்தினால் ஆறு மாதம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். குடும்பத் தொகுப்பும் இல்லை; ஒவ்வொருவர் மைலும் அவரவர் கணக்கில்தான் சேரும். ஆனால் நம் மைலைக் கொண்டு டிக்கெட் எடுத்துக் கொடுக்க ஐந்து பேரைப் பதிவு செய்துகொள்ளலாம். அக்காவும் மாமாவும் தனித்தனியே சேர்த்தால் இருவரிடமும் அரைகுறையாக நிற்கும் என்பது இதில் உள்ள சிக்கல். மகள் அங்கேயே வேலை பார்ப்பவள், கிரிஸ்ஃபிளையர் மைலை மளிகை வாங்கியும் சேர்த்துக்கொள்ளும் நாட்டில் இருப்பவள். அவள் தன் கணக்கில் பெற்றோரைப் பதிவு செய்துவிட்டால் பற்றாக்குறையை அவள் பக்கத்திலிருந்து ஈடுகட்டலாம். இதை மாமாவிடம் சொன்னபோது, பெற்ற பெண்ணிடம் டிக்கெட் வாங்கிக்கொள்வதா என்று முகம் சுளித்தார். அக்கா சுளிக்கவில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் சேலத்தில் இன்று தெருவுக்கு இரண்டு வீடு. அவர்கள் கணக்கு வேறு. இரண்டாண்டுக்கு ஒரு முறைதான் போவார்கள், ஆனால் ஒரு பயணத்திலேயே மாமாவின் நான்காண்டுத் தொலைவைக் கடந்துவிடுவார்கள். துபாய் வழியாக எமிரேட்ஸ், தோகா வழியாகக் கத்தார் ஏர்வேஸ், ஃபிராங்க்ஃபர்ட் வழியாக லுஃப்தான்சா ஆகியவை சென்னையிலும் பெங்களூரிலும் ஏறக்கூடியவை. எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் மைல்கள் மூன்றாண்டு கழித்து உறுப்பினரின் பிறந்த மாத இறுதியில் காலாவதியாகும். குடும்பத் தொகுப்பு உண்டு. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. கத்தார் பயன்படுத்தும் ஏவியோஸ் புள்ளிக்கும் 36 மாத ஆயுள்தான், ஆனால் இந்தக் கடிகாரம் கருணை உள்ளது: இடையில் ஒரு புள்ளி சேர்த்தாலோ செலவழித்தாலோ மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். இரண்டாண்டுக்கு ஒரு முறை போகிறவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. நிலையான மூன்றாண்டுக் கெடுவில் இரண்டு பயணங்களின் மைல்கள் ஒன்றுசேர்வதற்கும் செலவழிப்பதற்கும் கிடைப்பது ஓராண்டு இடைவெளிதான்; மூன்றாவது பயணத்துக்குள் முதல் பயணத்தின் மைல் போய்விடும். ஏவியோஸில் மூன்று பயணங்களும் சேர்ந்து நிற்கும். லுஃப்தான்சாவில் போகிறவர் அதை மகாராஜா கிளப்பில் வரவு வைத்து உள்நாட்டுப் பயணத்துக்குச் செலவழிக்கலாம் என்பதும் ஒரு வழி. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன பயணத்தின் புள்ளியில் காசிக்குப் போய் வருவது பலருக்குப் பிடித்த கணக்காகவும் இருக்கும்.

புள்ளியின் மதிப்பை ரூபாயில் கண்டுபிடிக்காமல் எந்த ஒப்பீடும் நிற்காது. அதற்கு வேண்டியது ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் மட்டுமே. புள்ளியில் எடுக்கும் டிக்கெட் முற்றிலும் இலவசம் அன்று. விமான நிலையக் கட்டணமும் வரிகளும் பணமாகவே கட்ட வேண்டும், சில நிறுவனங்கள் தமக்குரிய மேல்கட்டணத்தையும் அதிலேயே சேர்த்துவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு டிக்கெட் ரூ. 5,200 என்றும், புள்ளியில் எடுத்தால் 9,000 புள்ளியோடு ரூ. 900 பணமாகக் கட்ட வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். மிச்சமாவது ரூ. 4,300, அதை 9,000-ஆல் வகுத்தால் ஒரு புள்ளி ஏறத்தாழ 48 பைசா. பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அதே டிக்கெட் ரூ. 8,600-க்கு ஏறி, தேவைப்படும் புள்ளி மட்டும் மாறாமல் இருந்தால் ஒரு புள்ளி ஏறத்தாழ 86 பைசாவாகிவிடும். தேவைப்படும் மைலை அட்டவணை போட்டு நிர்ணயிக்கும் கிரிஸ்ஃபிளையர் போன்ற திட்டங்களில் இந்த ஆதாயம் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அப்படிப்பட்ட நாளில் புள்ளிக்கென ஒதுக்கிய இருக்கைகள் மிகக் குறைவாக இருக்கும். கட்டணம் ஏறும்போது கேட்கும் புள்ளியும் சேர்ந்தே ஏறும் திட்டங்களில் பண்டிகை நாளும் மற்ற நாளும் ஒன்றுதான். பெரிய லாபமும் இல்லை, இருக்கை கிடைக்கவில்லை என்ற ஏமாற்றமும் குறைவு. பண்டிகையை விட்டால் லீவு கிடைக்காது என்ற நிலையில் உள்ளவர் இரண்டாவது வகையையும், ஓய்வு பெற்று நாள் குறிக்கும் சுதந்திரம் உள்ளவர் முதல் வகையையும் நாடுவது பொருத்தம்.

இந்த வகுத்தலைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய பிழையிலிருந்தும் தப்பலாம். ஒரே நாளில் ஒரே ஊருக்கு ஒரு நிறுவனம் ரூ. 6,000-க்கும், நாம் உறுப்பினராக உள்ள நிறுவனம் ரூ. 7,200-க்கும் டிக்கெட் விற்கும்போது, புள்ளி கிடைக்குமே என்று இரண்டாவதை எடுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயணத்தில் 500 புள்ளி சேர்ந்து, புள்ளி 50 பைசா என்றாலும் வரவு ரூ. 250; கையைவிட்டுப் போனது ரூ. 1,200. சேலத்துக்காரருக்கு இதைவிடப் பெரிய கசிவு ஒன்று உண்டு. அது வாடகை வண்டி. திருச்சியில் ஏற வேண்டியதைப் புள்ளிக்காகத் தொப்பூர்க் கணவாயைத் தாண்டித் தேவனஹள்ளி வரை போனால், வண்டி வாடகையும் சுங்கச்சாவடிகளும் ஓராண்டுப் புள்ளியை ஒரே காலையில் விழுங்கிவிடும். சென்னைக்குப் போவதாக இருந்தால் இன்னொரு போட்டியாளரும் இருக்கிறது: இரவில் ஏறிப் படுத்தால் விடியலில் இறக்கிவிடும் ஏற்காடு எக்ஸ்பிரஸ். அதில் புள்ளி கிடையாது, தேவையும் இல்லை.

கடன் அட்டை வழியாக மைல் சேர்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மாதாமாதம் முழுத் தொகையையும் தவறாமல் கட்டிவிடும் ஒருவருக்கு, விமானத்தில் ஏறிச் சேரும் மைலைவிட அட்டையில் சேரும் மைல் மிகுதியாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஆண்டுக் கட்டணம் ரூ. 5,000 என்றால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து ரூ. 5,900, அதற்கு ஈடாக நமக்குக் கிடைப்பதை மேலே சொன்ன வகுத்தலால் பார்க்க வேண்டும். ஒரு மாதம் ரூ. 50,000-ஐ நிலுவையில் விட்டு, வட்டி மாதத்துக்கு 3.5 விழுக்காடு என்றால் ரூ. 1,750 போய்விடும். ஆண்டுக்கு நான்கு முறை பறப்பவர் விமானத்துக்காகவே ஓர் அட்டை வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

இத்தனை ஒப்பீட்டையும் வீணாக்கிவிடக் கூடிய ஒன்று நம் பெயர்தான். தமிழரின் பெயரில் தலைப்பெழுத்து உண்டு, குடும்பப் பெயர் இல்லை. கடவுச்சீட்டில் ஒருவருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், இன்னொருவருக்கு அங்கே தந்தை பெயர் இருக்கும். ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கும், பான் அட்டையில் அது விரிந்து கிடக்கும். புள்ளிக் கணக்கைத் தொடங்கும்போது ஒரு விதமாகவும் டிக்கெட் எடுக்கும்போது இன்னொரு விதமாகவும் எழுதிவிட்டால், இருவரும் ஒருவரே என்பதைக் கணினி ஒப்புக்கொள்ளாது. என் மனைவியின் ஒரு வெளிநாட்டுப் பயணத்தின் மைல்கள் இப்படித்தான் போயின. ஒரு நிறுவனத்தோடு நான்கு மாதம் மின்னஞ்சல் பரிமாறியும், தந்தை பெயர் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் எங்கள் ஊரில் ஒன்றுதான் என்பதை அவர்களுக்கு விளக்க என்னால் முடியவில்லை. இதைவிட விசித்திரம் மாமாவின் ஒரு கணக்கு. டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் தம்முடைய மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையுமே கொடுத்து அதைத் தொடங்கியிருந்தார். கடவுச்சொல்லைக் கேட்டால் ஒருமுறை எண் (ஓ.டி.பி.) அவருக்குத்தான் போகிறது. ஆகவே எந்தத் திட்டமானாலும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைக் கொடுப்பதும், சொந்த எண்ணைக் கொடுப்பதும், அந்த உறுப்பினர் எண்ணை ஏஜென்டிடம் எழுதிக் கொடுத்து ஒவ்வொரு முறையும் டிக்கெட்டில் ஏற்றச் சொல்வதும் நூறு ரூபாய்க்கு எத்தனை புள்ளி என்ற ஆராய்ச்சியைவிட முக்கியமானவை. ஒரு பயணத்தை ஒரே ஒரு திட்டத்தில்தான் வரவு வைக்க முடியும் என்பதால், எந்த எண் என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மாமாவுக்கு நான் சொன்ன முடிவு இது. கிரிஸ்ஃபிளையர் ஒன்று, புளூசிப் ஒன்று, மற்றவை வேண்டாம். ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா மூன்றும் முதல் கணக்குக்கு. காமலாபுரத்தில் இண்டிகோவில் ஏறுவதெல்லாம் இரண்டாவதற்கு. சிங்கப்பூரில் யாரும் இல்லாமல் உள்நாட்டிலேயே சுற்றும் என் போன்றவருக்குக் கிரிஸ்ஃபிளையரின் இடத்தில் மகாராஜா கிளப் பொருந்தும், முக்கியமாகக் குடும்பத் தொகுப்புக்காக. எதிர்வீட்டு ஆசிரியர் தம்பதிக்கு, மகன் டல்லாஸில் இருப்பதால், கத்தாரின் ஏவியோஸைச் சொன்னேன். அவர்களோ இந்த ஆண்டு லுஃப்தான்சா மலிவாகக் கிடைத்தது என்று அதில் எடுத்துவிட்டார்கள். அது சரியான காரியம். அந்தப் பயணத்துக்கு மட்டும் மகாராஜா கிளப் எண்ணைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உறையில் இருந்த பதினோரு துண்டுகளையும் தேதி பார்த்துப் பிரித்தோம். விடுபட்ட பயணத்தை உரிமை கோரப் பெரும்பாலான திட்டங்கள் சில மாதங்களே அவகாசம் தருவதால் ஒன்பது துண்டுகள் பயனற்றவை. மீதி இரண்டும் சென்ற சித்திரையில் கோவையிலிருந்து சிங்கப்பூர் போய் வந்தவை. அவற்றைப் படமெடுத்து, அவருடைய கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அன்று மாலையே விண்ணப்பித்தோம். மற்ற ஒன்பதையும் மாமா திரும்ப உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.